நானே அசெம்பிள் செய்யலாமா?

கேள்வி: படிப்புக்கு டெஸ்க்டாப் வேண்டும். கையில் பணம் குறைவு. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் நானே அசெம்பிள் செய்ய முடியுமா?
– கல்லூரி மாணவி, விழுப்புரம்

பதில்: தாராளமாக முடியும். ஏஎம்டி ரைசன் 5 5600ஜி பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. படிப்புக்கும் புரோகிராமிங்குக்கும் அது போதும். கடைசியில் உள்ள 'ஜி'யைப் பார்த்து வாங்குங்கள். வெறும் 5600 என்றால் தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. இந்த உள் கிராபிக்ஸ், ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் ரேமின் வேகம் முக்கியம்; ஒற்றை 16 ஜிபியைவிட, சேர்ந்து வேகமாக இயங்கும் இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம்கள் மேல். மதர்போர்டு கையேடு காட்டும் ஸ்லாட்டுகளிலேயே செருகுங்கள்.

எதில் மிச்சம் பிடித்தாலும் பவர் சப்ளையில் பிடிக்காதீர்கள். கேபினெட்டோடு சேர்த்துத் தரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் வேண்டவே வேண்டாம். நல்ல நிறுவனத்தின் 450 வாட் போதும். சென்னை ரிச்சி தெருவில் நாலு கடை விசாரித்து, பில்லோடு வாங்குங்கள்; வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

பிராசஸரை ஒருபோதும் அழுத்தாதீர்கள். அதன் மூலையிலுள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் குறியோடு பொருத்தினால் தானாக இறங்கும். அழுத்தினால் பின் வளைந்துவிடும். எல்லாம் முடிந்தும் திரை வராவிட்டால் பதற வேண்டாம். பிராசஸருக்கான 8 பின் பவர் கேபிளைச் செருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.