ஆந்தையை அறிவோம்

விடியுமுன் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு நிரைக்குச் செல்லும் நம் தொழிலாளர்களுக்கு ஆந்தையின் குரல் புதியதன்று. இருளில் திடீரென ஓர் அலறல் கேட்கும், உள்ளம் நடுங்கும். “எந்த வீட்டில் என்ன நேருமோ!” என்று முணுமுணுத்தவாறே மரம் சீவத் தொடங்குவோம். அந்த அச்சம் தேவைதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

அச்சத்தின் வேர்

ஆந்தை அலறினால் சாவு வரும் என்று நம் முன்னோர் நம்பினர். மலாய் மொழியிலும் ஆந்தைக்கு ‘பூரோங் ஹந்து’, அதாவது பேய்ப் பறவை என்றே பெயர். இந்நம்பிக்கை நிலைத்ததற்குக் காரணம் உண்டு. நோயாளி இருக்கும் வீட்டில் இரவு முழுவதும் பிறர் விழித்திருப்பர். ஆகவே ஆந்தையின் குரல் அவர்கள் செவியில் விழும். மற்ற இரவுகளிலும் அது கத்தத்தான் செய்தது, நாம் உறங்கிவிட்டோம். கத்தியும் ஒன்றும் நேராத இரவுகளை எவரும் கணக்கில் வைப்பதில்லை.

இருளில் வேட்டை

நம் தோட்டங்களில் ஆந்தை இனங்கள் பல உள்ளன. மெல்லிய குரலில் விட்டுவிட்டுக் கூவும் சிற்றாந்தை பெரும்பாலும் பூச்சிகளைத் தின்று வாழ்வது. இதய வடிவான வெண்முகமும் நீண்ட அலறலும் உடையது கூகை. பகலில் கூகையைக் காக்கை வென்றுவிடும் என்பதைக் காலமறிதலுக்குச் சான்றாகக் காட்டினார் வள்ளுவர். இரவிலோ கூகைக்கு நிகரில்லை.

அதன் இரு செவித் துளைகளும் ஒரே மட்டத்தில் அமைந்தவை அல்ல. ஒன்று சற்று மேலேயும் மற்றொன்று கீழேயும் உள்ளன. ஆதலால் எலியின் சலசலப்பு எத்திசையிலிருந்து, எவ்வளவு தாழ்விலிருந்து வருகிறது என்பதை அது துல்லியமாக அறிகிறது. முழு இருளிலும் ஒலியை மட்டும் கொண்டு கூகை இரை பிடிப்பதை ஆய்வாளர் மெய்ப்பித்துள்ளனர். இறகுகளின் ஓரம் மென்மையாக இருப்பதால், அது பறந்து வரும் ஓசை எலிக்குக் கேட்பதில்லை.

செம்பனைத் தோட்டம் தரும் சான்று

1960களின் இறுதி வரை தீபகற்ப மலேசியாவில் கூகை அரிதாகவே காணப்பட்டது. பின்னர் செம்பனை பரவியது. அதன் பழங்களைத் தின்னும் எலிகளும் பெருகின. அவற்றைத் தேடிக் கூகையும் வந்தது. கூகை தானே கூடு கட்டாது. பொந்திலோ கட்டடத்தின் மறைவிலோ முட்டையிடும். செம்பனையில் பொந்து இல்லாமையால், தோட்டங்களில் கம்பம் நட்டு மரப்பெட்டிகளை அமைத்தனர். குஞ்சுகளை வளர்க்கும் ஓர் இணை ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைப் பிடிக்கும் என்பது ஆய்வாளரின் மதிப்பீடு.

நாம் அஞ்ச வேண்டியது

உண்மையில் நாம் அஞ்ச வேண்டியது எலிக்கே. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காலிலுள்ள வெட்டுக்காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கேடும் உண்டாகி உயிரையும் பறிக்கும். இவ்வறிகுறிகள் தோன்றினால் உடனே மருத்துவரிடம் சென்று, தாம் செய்யும் தொழிலையும் தெரிவித்தல் வேண்டும். சாவைக் கொண்டுவரும் எலியை விட்டுவிட்டு, அதனைப் பிடிக்கும் பறவையைக் கல்லால் அடிப்பது பேதைமையன்றோ?

நாம் செய்யக் கூடியவை

கூகைக் குஞ்சுகள் பாம்பைப் போல் சீறும். அதைக் கேட்டு அஞ்சிக் கூட்டைக் கலைத்தல் கூடாது. முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதமும், குஞ்சுகள் பறக்க மேலும் இரு மாதமும் ஆகும். அதுவரை பிள்ளைகள் அங்கே செல்லாதவாறு பார்த்துக்கொள்வோம்.

எலி நஞ்சை மனம்போனபடி வைத்தல் ஆகாது. நஞ்சுண்ட எலி உடனே மடிவதில்லை. தள்ளாடித் திரியும் அதனைத் தின்னும் ஆந்தையும் மடியும். எஞ்சிய சோற்றையும் கோழித் தீவனத்தையும் இரவில் மூடி வைத்தால் எலியின் வரவே குறையும்.

ஆந்தையின்மேல் ஆர்வம் கொள்ளும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். கூகை அமரும் இடத்தின் கீழே கருமையான உருண்டைகள் கிடக்கும். அவை எச்சமல்ல, செரிக்காத மயிரையும் எலும்பையும் அது வாய்வழியே கக்கியவை. கையுறை அணிந்து, ஓர் உருண்டையை நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்துக் காட்டுங்கள். பின்னர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவச் செய்யுங்கள். அதில் கிடைக்கும் எலி மண்டையோடுகளைத் தாமே எண்ணிப் பார்க்கும் பிள்ளை, ஆந்தையின்மீது இனிக் கல்லெறியாது.

நாளை விடியற்காலையில் அந்த அலறல் கேட்டால், நம்மைப் போலவே இருளில் உழைக்கும் ஒரு பறவை தன் வேலையில் இருக்கிறது என்று எண்ணி, நம் வேலையைத் தொடர்வோம்.