கொல்லாமை நோன்பும் கரிசல் நில உழவும்

நம் சமுதாயத்தில் உழவையே வழிவழித் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல. ஆதிபகவன் விருஷபதேவர் மக்களுக்கு உணர்த்தியருளிய அறுவகைத் தொழில்களுள் உழவும் ஒன்று. ஆயினும், ஏர் பூட்டிய கணம் முதல் மண்வாழ் உயிர்களுக்கு ஊறு நேர்கிறது. கொல்லாமை நோன்பினர் இத்தொழிலில் நிற்பது எங்ஙனம்? இவ்வினாவை இங்கு ஆராய்வோம்.

இம்சை நால்வகைப்படும். மனம் துணிந்து கொல்வது சங்கல்பி. இல்லறப் பணிகளால் நேர்வது ஆரம்பி. பிழைப்புத் தொழிலால் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். உழவில் நேரும் ஊறு உத்யோகி வகையினது. ஆகவே, 'இன்னும் குறைக்க வழியுண்டா?' என்று உழவர் நாள்தோறும் தம்மைக் கேட்டுக்கொள்ளுதல் கடமையாகும்.

தூத்துக்குடிக் கடற்கரையை நினைவுகூர்வோம். ஒரு சில முத்துகளுக்காக எண்ணற்ற சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிட்டனர். 1961-இல் நடந்ததே அங்குப் பெரிய அளவில் நடந்த இறுதி முத்துக்குளிப்பு. கொண்ட பயன் சிறிது; மாண்ட உயிர்களோ பல. அம்மாவட்டத்தின் உள்நாட்டு வயல்களிலும் இதற்கொப்பான நிலை உண்டு. ஒரு புழுவை விலக்க வேண்டித் தெளிக்கும் நஞ்சால், ஈரறிவுடைய மண்புழுவும், மூவறிவுடைய எறும்பும், நாலறிவுடைய தேனீயும் மாள்கின்றன.

கழுகுமலைத் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கச் சென்றோர், கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் காட்டைக் கண்டிருப்பர். மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டரே. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. 1901-இல் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில், 1960-களில் பணியாற்றியவர் கோ. நம்மாழ்வார். விலையுயர்ந்த உரமும் மருந்தும் மானாவாரி ஏழை உழவர்க்குப் பொருந்தா எனக் கண்டு, 1969-இல் பணி துறந்தார். 2013-இல் மறையும்வரை இயற்கை உழவைப் பரப்பினார். மழை பொய்த்தால் பயிர் கருகும். உரத்துக்கு வாங்கிய கடன் மட்டும் நிலைக்கும். இடுபொருள் குறையுமாயின் கடனும் உயிர்க்கொலையும் ஒருங்கே குறையும்.

சிறு நிலமுடைய குடும்பம் செய்யத்தக்கவை:

1. கண்மாய்க் கரம்பையும் தொழுவுரமும் இட்டு, ஆட்டுக்கிடை போட்டு மண்ணை வளமாக்கல்.

2. பருத்தியைத் தனித்து விதையாது, ஊடே தட்டைப்பயறும் வரப்போரம் ஆமணக்கும் விதைத்தல். பயற்றில் சேரும் அசுவினியை நாடிப் பொறிவண்டு வரும். புழுக்கள் ஆமணக்கை நாடும்.

3. பூச்சி மிகும்போது மட்டும் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தல். ஐந்து கிலோ பருப்பை இடித்து, இரவு முழுதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, நூறு லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். இது பூச்சியை உண்ணவொட்டாது தடுக்கும். புழுவின் வளர்ச்சியையும் கெடுக்கும். எனவே இதுவும் ஊறு அற்றதன்று. தேவையறிந்து, தேனீக்கள் கூடடைந்த மாலை வேளையில் தெளித்தல் நன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை. 'இயற்கை' என்ற பெயர் பெற்றதெல்லாம் நம் நோன்புக்கு இசைந்ததாகாது. மீன் கழிவையும் வெல்லத்தையும் சேர்த்து நொதிக்கவைத்த மீன் அமிலத்தை இயற்கை உழவர் பலர் பயன்படுத்துகின்றனர். மீன்பிடி மிகுந்த இக்கடற்கரையில் அக்கழிவு எளிதில் கிடைக்கும். கடைகளில் எலும்புத் தூளும் எருவாக விற்கப்படுகிறது. வாங்குமுன் உட்பொருளை வினவுதல் இல்லறத்தார் கடன். பயிர் ஊக்கத்துக்குச் சாணம், கோமியம், பயற்று மாவு, உடன்குடிக் கருப்பட்டி ஆகியவற்றைக் கொண்டு கரைசல் செய்துகொள்ளலாம்.

விளைச்சல் சில ஆண்டுகள் குறையவும் கூடும். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் துணைநிற்க வேண்டிய இடம் அதுவே. மனச்சோர்வும் கவனமின்மையுமே இம்சைக்கு வேர் என்பது நம் நூல்களின் துணிபு.

சிந்தனைக்கு: நம் வயலில் எத்தனை அறிவுயிர்கள் வாழ்கின்றன? கடந்த பருவத்தில் தேவையின்றித் தெளித்த மருந்து எது? குடும்பத்துடன் அமர்ந்து கலந்துரையாடுக.

அறம் ஓங்குக!