கூடாரத்துக்கு முன்னால் மொட்டை மாடி

ஏப்ரல் முதல் வாரத்தில் என் பழைய மாணவி ஒருத்தி கணவரோடு வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி ஏழு மாதம். இருவருக்கும் ஓசூரில் வேலை. மே மாதம் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. மாமியார் ஊட்டிக்குப் போகச் சொல்கிறார். கணவருக்கு இமயமலையில் பனியில் நடக்க வேண்டும். இவள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள்: மலை விளிம்பில் ஆரஞ்சு நிறக் கூடாரம், முன்னால் தீ, மேலே சரமாக விளக்குகள். "ஆபீஸ்ல எல்லாரும் போயிட்டு வந்துட்டாங்க மேடம். அட்வான்ஸ் கட்டிட்டோம்" என்றாள்.

முப்பத்திரண்டு வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். மதிப்பெண் வந்த மறுநாள், பக்கத்து வீட்டுப் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டுக்கொண்டு வந்து பாடத்தைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளை எவ்வளவோ பார்த்துவிட்டேன். மூன்றாம் பருவத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள். அதே பிள்ளைகள் இன்று லீவையும் அப்படியே தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாமியார் சொல்லும் ஊட்டி, கொடைக்கானல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறை எடுக்கலாம், குளிரலாம், திரும்பலாம். 2024 மே 7 முதல் சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லை இல்லை. குளிர்ச்சிதான் வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்குமேல் குறையும். சேலத்தில் 39 டிகிரி கொளுத்தும் நாளில் ஏற்காட்டில் முப்பதைச் சுற்றித்தான் இருக்கும்.

இமயமலையை இந்த வருஷம் விட்டுவிடுங்கள் என்று அந்தத் தம்பியிடம் நேராகவே சொன்னேன். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலியும் குமட்டலுமாக உயர நோய் வந்துவிடும். ஏலகிரிகூட ஏறிப் பார்க்காத கால்களோடு அங்கே போய் நிற்க வேண்டாம்.

மலையேற்றம் நல்ல தேர்வு. நான் அதன் பக்கம்தான். ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பற்றிய காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். காய்ந்த போதைப்புல் எப்படி எரியும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்; சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அதன்பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரித்து, வழிகாட்டிகளோடு திறந்தது. 2025இல் காட்டுத் தீக் காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியும் வைத்தார்கள். மூடியிருந்தால் மூடியிருக்கட்டும். "எனக்கு ஒரு வழி தெரியும்" என்று சொல்லிக் காப்புக்காட்டுக்குள் கூட்டிப்போகிறவரோடு போகாதீர்கள். அனுமதியில்லாமல் அங்கே கால் வைப்பதே குற்றம்.

எவ்வளவு நேரமாகும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1892இல் ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். கத்திரி வெயிலில் நான் இதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வேன். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். முதல் நாள் இரவே கால் நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். இறங்கும்போது கால்விரல்கள் ஷூவின் முனையில் போய் மோதி மோதி நகம் கறுத்துவிடும்.

இனி அந்த ஆரஞ்சுக் கூடாரம். இதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு போவது இதற்குத்தான்.

நாலு வருஷத்துக்கு முன் மகளும் மருமகனும் இப்படி ஓர் இடத்தை புக் செய்து எங்களையும் அழைத்துப் போனார்கள். படத்தில் ஒரே ஒரு கூடாரம். நேரில் இருபதுக்குமேல், ஒன்றுக்கொன்று ஆறடி இடைவெளியில். எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கழிப்பறை. பதினொன்றரை மணிவரை ஸ்பீக்கர் அலறியது. ஒரு மணிக்குக் கோடை மழை இடியோடு இறங்கியது. கூடாரத்துக்கு ஒரே அடுக்குத் துணி. முழங்கை பட்ட இடத்திலெல்லாம் தண்ணீர் கசிந்து உள்ளே வந்தது. கொடுத்த பாய் விரல் கனம்கூட இல்லை. மகள் நனைந்த தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "நீதானே கேட்டே" என்று மருமகன் ஒரு சொல் சொன்னார். விடியும்வரை இருவரும் காரின் முன்சீட்டில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் உதித்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

கூடாரம் கெட்ட பொருள் இல்லை. அதற்கென்று ஒரு படிப்பு உண்டு, அதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதே என் வருத்தம். இரண்டு பேர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் துணியில் பட்டுச் சொட்டும். அதனால்தான் உள்துணி ஒன்று, மழைத்துணி ஒன்று, நடுவே காற்றோட இடைவெளி என்று இரண்டடுக்கு வேண்டும். உடம்புச் சூட்டைக் காற்றைவிட அதிகமாகத் தரை இழுத்துக்கொள்ளும். போர்வையைக் கூட்டுவதைவிட அடியில் விரிப்பதைக் கூட்டுங்கள். காய்ந்து கிடக்கும் ஓடைப் படுகை சமமாக, மணலாக, படுக்கக் கூப்பிடுவது போலவே இருக்கும். மேலே எங்கோ பெய்த மழை கீழே வந்துசேர அரைமணி போதும். மொட்டைப் பாறை உச்சியில் இடி பயம். பட்ட கிளைக்கு அடியிலும் கூடாது.

குளிருகிறதென்று கரி அடுப்பை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் கொடியது. அணையும் கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார்.

யானையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், தனியார் விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த ஓர் இளம்பெண் யானை தாக்கி இறந்தார். இப்படிப்பட்ட இடம் யானைக்குத் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த தடமாக இருக்கலாம். நமக்குத்தான் அது காட்சி நன்றாக இருக்கும் இடம்.

ஆகவே பணம் கட்டுமுன் போனில் நாலு கேள்வி கேளுங்கள். நிலம் பட்டாவா, காடா? யாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறீர்கள்? பெண்களுக்குக் கழிப்பறை தனியாக உண்டா? இரவில் உடம்புக்கு முடியாவிட்டால் ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்? பதில் மழுப்பலாக வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

பிறகு என்னதான் செய்வது மேடம் என்று அவள் கேட்டாள். பாதி லீவை வீட்டில் இருங்கள் என்றேன். இருவர் முகமும் வாடிவிட்டது.

என் அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன். 1989 கோடையில் எங்களுக்குப் புதுக் கல்யாணம். சேலத்தில் ஒரு போர்ஷன், ஒரே அறையும் சமையல்கட்டும். இரவு மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, சூடு அடங்கியதும் கோரைப்பாய் விரித்துப் படுப்போம். காலையில் அதே மாடியில் பழைய வேட்டியை விரித்து வடகம் பிழிவோம். முறுக்கு உழக்கை அழுத்த அவருக்குக் கை பழகவே ஒரு வாரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏற்காட்டுக்குப் பஸ். தூக்குவாளியில் தயிர்சாதமும் மாவடுவும். காப்பித் தோட்டத்து ஓரமாக நடந்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம்.

அவருக்கு நடை வேகம். நானோ செடிக்குச் செடி நிற்பேன். முதல் ஞாயிறு அவர் வளைவில் நின்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கோபப்பட்டார். இரண்டாவது ஞாயிறு கோபம் இல்லை, பேச்சும் இல்லை. மூன்றாவது ஞாயிறு, நான் பறிக்கும் செடிகளை வைத்து அழுத்த வீட்டிலிருந்த பழைய தினசரிகளைத் தாமாகவே பையில் எடுத்து வைத்திருந்தார். இதற்கு மூன்று வாரம் ஆகிறது. ஓர் இரவு பேக்கேஜில் அந்த மூன்று வாரத்தை யார் தர முடியும்?

ஒருவருக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஒருவருக்கு இறக்கத்தில் முழங்கால் நடுங்கும். இருட்டு ஆகாதவர்கள் உண்டு, பொது இடத்தில் தூக்கம் வராதவர்கள் உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இவற்றைத் தெரிந்துகொள்ள அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் உங்களிடம் இதைத்தான் கெஞ்சினேன்: உன் கையும் காலும் எதற்கு இசைகிறது என்று பார், அவசரப்படாதே. வேலையில், வீட்டில், மலையில் எல்லாவற்றிலும் அப்படித்தான். இரண்டு கிலோமீட்டர் சேர்ந்து நடக்கத் தெரிந்தவர்கள் அடுத்த வருஷம் இருபது நடப்பார்கள்.

அட்வான்ஸ் பணம் திரும்பி வரவில்லை. நண்பரிடம் கூடாரம் இரவல் வாங்கிச் சேலத்தில் அவள் அம்மா வீட்டு மாடியில் ஓர் இரவு போட்டுப் பார்த்தார்கள். புழுக்கம் தாங்காமல் இரண்டு மணிக்கு வெளியே வந்து பாயில் படுத்தார்களாம். மே கடைசியில் ஏலகிரி போய், சுவாமிமலையில் ஏறி, சாயங்காலமே இறங்கிவிட்டார்கள்.

அன்று இரவு ஒரு படம் அனுப்பியிருந்தாள். "மேடம், இது என்ன செடி?" மங்கலான படம்; இலையின் அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பிடித்திருந்தான் அந்தப் பையன். இலையின் அடிப்பக்கம் தெரியாமல் சொல்ல முடியாது என்று பதில் போட்டேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் போகிறார்களாம்.