பாரிசவாயுவும் மனத்தளர்ச்சியும்

மல்லாங்கிணற்றைச் சுற்றிய கரிசல் கிராமங்களிலும் அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களிலும், பாரிசவாயு என்னும் பக்கவாதம் கண்டவரைக் குறித்துப் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். நோய் வந்தது கிரகக் கோளாறால் என்பர். பிழைத்தவர் எழுந்து நடமாடாவிட்டால், அவருடைய சோம்பல் என்பர். அங்கத்தினர்கள் இவ்விரு எண்ணங்களையும் விட வேண்டும்.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் உண்டாகிறது. இந்தியா உள்ளிட்ட 32 நாடுகளில் சுமார் 27,000 பேரிடம் நடத்திய ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆராய்ச்சியின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. பாரிசவாயுவில் பத்தில் ஒன்பது பங்கு பத்தே காரணங்களைச் சார்ந்தது என்றும், அவற்றுள் இரத்தக் கொதிப்பு மட்டுமே ஏறக்குறையப் பாதிக்குப் பொறுப்பு என்றும் அது காட்டிற்று. புகை, மது, நீரிழிவு, மனக்கவலை, உடலுழைப்பின்மை ஆகியனவும் அப்பட்டியலில் உண்டு. நாள் முழுதும் தறியில் கையும் காலும் ஓயாத எமக்கு உழைப்பின்மை ஏது என்று நெசவாளர் கேட்கலாம். கேள்வி நியாயமே, ஆனால் கொதிப்பு உழைப்பாளியையும் விடுவதில்லை. அதற்கு வலியில்லை, ஆதலால் பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். இம்மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2021-இல் தொடங்கியது.

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழைத்து, தலையை ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும்.

இனி, பிழைத்தவரின் மனநிலை. ஏறத்தாழ மூவரில் ஒருவரை மனச்சோர்வு பற்றுகிறது. பசியில்லை, உறக்கமில்லை, பயிற்சிக்கு அழைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சிலர் காரணமின்றி அழுவர், அல்லது சிரிப்பர். வீட்டார் புத்தி பேதலித்ததென அஞ்சுவர். இது பிடிவாதமன்று. மூளையில் ஏற்பட்ட காயமும், சம்பாதித்த கை முடங்கிய துயரமும் சேர்ந்து விளைவித்தது. வைத்தியத்திற்குக் கட்டுப்படக் கூடியது. பிரிட்டனில் 3,127 நோயாளிகளுக்கு நடத்திய சோதனையின் முடிவு 2018-இல் வெளிவந்தது. ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து கைகால்களுக்கு வலுவூட்டவில்லை. புதிதாக மனச்சோர்வு காண்பதைக் குறைத்தது. எலும்பு முறிவையோ அதிகப்படுத்தியது. எனவே வைத்தியர் சொல்லாமல் அதைத் தொடலாகாது.

குடும்பத்தாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டாருக்கே பயிற்சி தந்து நோயாளியைத் தேற்றும் முறையை நம் நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் சோதித்தனர். ஆறு மாதத்தில் மரணமும் பிறரைச் சார்ந்திருத்தலும் இரு சாராரிலும் ஒரே அளவாய் இருந்ததென 2017-இல் அறிவித்தனர். வீட்டுப் பெண்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்று பழி சுமத்துவோர் இதை அறிய வேண்டும். பணிவிடை செய்பவருக்கும் மனம் சோரும்.

சங்கம் செய்யக்கூடியதும் உண்டு. வலக்கை வராத நெசவாளிக்கு நூலின் தரம் மறந்துபோவதில்லை. புது நூல் வரும்போது அவரை அழைத்து அபிப்பிராயம் கேட்கலாம். பொதுக்குழுவிற்கு வண்டி வைத்து அழைத்துவரலாம். பேச்சுக் குழறினால் நிர்வாகிகள் பொறுமையாயிருந்து கேட்கட்டும். “நான் இருந்தென்ன பயன்” என்று அவர் சொல்வாராயின் அதை அலட்சியம் செய்யாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்க. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.