முதல் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்கு ஓடாதீங்க

எங்க ஊர் நாரணாபுரம், சிவகாசிக்குப் பக்கம். பெரிய வெடிச்சத்தம் கேட்டா நாங்க முதல்ல மாடிக்கோ ஜன்னலுக்கோதான் ஓடுவோம். எந்தப் பக்கம் புகை தெரியுதுன்னு பார்ப்போம். அந்தப் பக்கம் யாரெல்லாம் வேலைக்குப் போயிருக்காங்கன்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். நீங்க வேற மாவட்டமா இருந்தா இது புரியுமான்னு தெரியல.

போன செமஸ்டர்ல எங்க என்.எஸ்.எஸ். டீம் இந்தப் பக்கத்துல ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் பேரிடர்ப் பயிற்சி கொடுக்கப் போச்சு. நான்தான் ஸ்லைடு போட்டேன். பூகம்பம், வெள்ளம், புயல்னு 30 ஸ்லைடு, எல்லாம் நெட்ல எடுத்தது. முடிக்கிற நேரத்துல ஏழாவது படிக்கிற ஒரு பையன் எழுந்தான். “அண்ணா, எங்க அம்மா வேலை பாக்குற பட்டாசு ஆபீஸ்ல வெடிச்சா நான் போய்ப் பாக்கலாமா?”

அதுக்கு எங்ககிட்ட ஸ்லைடு இல்ல. அன்னைக்குச் சொல்ல முடியாமப் போனதைத்தான் இங்க எழுதுறேன். நீங்களும் ஏதாவது பள்ளிக்குப் போவீங்க, உதவும்.

முதல்ல ஜன்னல் விஷயம். ஒளி உடனே வந்துரும். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர சுமார் 3 நொடி ஆகும், அதிர்வலையும் தூரம் போகப்போக கிட்டத்தட்ட அதே வேகத்துலதான் வரும். பளிச்னு தெரிஞ்சதும் ‘என்னது’ன்னு ஜன்னல்கிட்ட போய் நிக்கிறோம் பாருங்க, சரியா அப்பதான் கண்ணாடி உடையும். 2013 பிப்ரவரி 15 அன்னைக்கு ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேல ஒரு விண்கல் வெடிச்சுது. வெளிச்சம் வந்து ரெண்டு நிமிஷத்துக்கு மேல கழிச்சுத்தான் அதிர்வலை வந்துச்சு. காயம்பட்ட சுமார் 1,500 பேர்ல பெரும்பாலானவங்களுக்குக் கண்ணாடிதான் காரணம். அங்க ஒரு ஆசிரியை, தன் வகுப்புல இருந்த 44 குழந்தைகளை மேசைக்கு அடியில போகச் சொன்னாங்க. அவங்க கையில வெட்டுப்பட்டுச்சு, குழந்தைகளுக்கு ஒண்ணும் ஆகல.

எங்க பக்கத்துல ஆலை அரை கிலோமீட்டர்ல கூட இருக்கும். அப்படின்னா ஒன்றரை நொடிதான். யோசிக்க நேரமில்ல, உடம்பு தானா குனியணும். டிரில் தேவைப்படுறது அதுக்குத்தான். ஆசிரியர் “குனி”ன்னா பெஞ்சுக்கு அடியில, ஜன்னலுக்கு முதுகு காட்டி, கழுத்துப் பின்னால கை. சத்தம் நின்னதும் உடனே எந்திரிக்கக் கூடாது, ஏன்னா பட்டாசு ஆலையில ஒரு வெடியோட முடியாது.

இப்ப அந்தப் பையனோட கேள்வி. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. அன்னைக்கு இறந்த சுமார் 40 பேர்ல நிறையப் பேர் அந்த ஆலையில வேலை பார்த்தவங்களே இல்ல. தீப்பிடிச்சதைக் கேள்விப்பட்டு உதவி பண்ணவும் பார்க்கவும் போனவங்க, அடுத்து வெடிச்ச பெரிய வெடியில மாட்டினாங்க. மருந்துக்குள்ளேயே நைட்ரேட் இருக்கு. எரியத் தேவையான ஆக்சிஜனை அதுவே கொடுத்துக்கும். மண்ணைப் போட்டோ சாக்கைப் போட்டோ மூச்சடைக்க வைக்க முடியாது. அலுமினியப் பொடி எரியிற இடத்துல தண்ணி ஊத்தினா ஹைட்ரஜன் வரும், இன்னும் மோசம். அதனால பக்கத்துல போறவங்களால எதையும் அணைக்க முடியாது.

ஆனா இதையெல்லாம் ஒரு பன்னிரண்டு வயசுப் பையன்கிட்ட சொன்னா நிப்பானா? கெமிஸ்ட்ரி அவனை நிறுத்தாது. அம்மாவைப் பத்தி யாராவது தகவல் சொல்லணும், அதுதான் நிறுத்தும். அதனால ரெண்டாவது தடவை போனப்ப ஸ்லைடை விட்டுட்டு ஹெச்.எம்.கூட உக்காந்து ஒரு நோட்டு போட்டோம். எந்தப் பிள்ளையோட அப்பா அம்மா எந்த ஆலை, போன் நம்பர், அண்ணன் தங்கச்சி எந்த வகுப்பு. வெடிச்சதும் ஒரு டீச்சரோட வேலை போன் பண்றது மட்டும்தான். அண்ணன் தங்கச்சியை ஒரே இடத்துல சேர்த்து உக்கார வைக்கணும், இல்லன்னா ஒருத்தரைத் தேடி இன்னொருத்தர் ஓடுவாங்க. பிள்ளைகளை யார் வந்தா அனுப்பலாம்னும் அதுல இருக்கு.

பள்ளிக்குள்ளேயே தீப்பிடிக்கிறது தனிக்கதை. 2004 ஜூலை 16, கும்பகோணத்துல சமையல் தீ கூரைக்கு ஏறி 94 குழந்தைகள் போனாங்க. வெளியேற குறுகலான ஒரே படிக்கட்டு. அந்த வழக்குல 2009-ல உச்ச நீதிமன்றம் பள்ளிகள்ல தீயணைப்பான் வேணும், அதை இயக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் வேணும்னு சொல்லிச்சு. நாங்க போன பள்ளியில கருவி இருந்துச்சு. பின்னை இழுக்க யாருக்கும் தெரியல. சத்துணவு அக்காதான் முதல்ல கத்துக்கிட்டாங்க.

டிரில்ல எங்களைத் தோக்கடிச்சது செருப்பு. எல்லாரும் வாசல்லயே கழட்டிப் போட்டிருந்தாங்க. ஓடி வந்த பிள்ளைங்க அவங்கவங்க ஜோடியைத் தேடி அங்கேயே நின்னுட்டாங்க, பின்னால வந்தவங்க முட்டிக்கிட்டாங்க. இப்ப செருப்பெல்லாம் சுவரோரமா, வரிசையா இருக்கு.

நோட்டுல பேர் எழுதும்போது அந்தப் பையன் பக்கத்துல வந்து நின்னான். அம்மா நம்பரை ரெண்டு தடவை சொல்லி, நான் சரியா எழுதினேனான்னு பார்த்துட்டுத்தான் போனான்.