கேமரன் மலையில் ஓர் இரவு: இயற்கையே குரு



இம்மாதப் பாடத்தை ஒரு கதையோடு தொடங்குவோம். ஸ்ரீமத் பாகவதத்தின் 11ஆம் ஸ்கந்தத்தில் யது மன்னன் ஓர் அவதூதரைச் சந்திக்கிறான். சொந்தம் என்று எதுவுமே இல்லாத அந்த மனிதர் எப்படி இவ்வளவு ஆனந்தமாக இருக்கிறார், யாரிடம் பாடம் கற்றார் என்று மன்னனுக்கு வியப்பு. தமக்கு 24 குருமார்கள் என்கிறார் அவதூதர். நிலம், நீர், காற்று, சூரியன், கடல், தேனீ, மலைப்பாம்பு, சிலந்தி என்று வரிசையாகச் சொல்கிறார். மிதித்தாலும் பொறுத்துக்கொள்வதை நிலத்திடமும், தூய்மையாக இருப்பதைத் தண்ணீரிடமும் கற்றாராம்.

சமய வகுப்பில் இந்தக் கதையை நான் பல முறை சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் ஒரு மாணவன் கேட்டான்: "அண்ணா, நாங்க தேனீயவே யூடியூப்லதான் பார்க்கிறோம். அப்புறம் எப்படி அது எங்களுக்கு குரு ஆகும்?" அவன் கேட்டது நியாயம்தான். அதற்கு விடை தேடித்தான் படிவம் 1 முதல் 5 வரை படிக்கும் 22 பிள்ளைகளை, பெற்றோர் சிலரின் துணையோடு, கேமரன் மலைக்கு இரண்டு நாள், ஓர் இரவு முகாமுக்கு அழைத்துப் போனோம்.

தேயிலைத் தோட்டம் காடு அல்ல

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை ஆய்வு செய்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. 1929இல் ஜே.ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்டங்களில் காட்டை வெட்டி, செடி நட்டு, கொழுந்து எடுத்தவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர்கள் பலர்.

நாங்கள் அனுமதி வாங்கிச் சென்ற தோட்டத்தில், முன்பு கொழுந்து எடுத்த ஒரு பாட்டி பிள்ளைகளிடம் பேசினார். "ரெண்டு இலை, ஒரு மொட்டு. அதுக்குக் கீழ முத்தின இலைய எடுத்தா தூளு நல்லா இருக்காது. எங்க காலத்துல கையாலதான் எடுப்போம், கூடை முதுகுல தொங்கும். இப்ப கத்தரி, மெஷின் எல்லாம் வந்துருச்சு. வேலைக்கும் வெளிநாட்டுப் பிள்ளைங்கதான் வர்றாங்க." ஒரு கிலோ தேயிலைக்கு நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று கேட்டதும் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள்.

அதன் பிறகு ஒரு பயிற்சி. கயிற்றால் ஒரு மீட்டர் சதுரம் கட்டி, உள்ளே எத்தனை வகைச் செடிகள் என்று எண்ண வேண்டும். தேயிலை வரிசையில் விரல் விட்டு எண்ணி முடித்துவிட்டார்கள். காட்டோரத்தில் பாசி, பெரணி, கொடி, நாற்று என்று எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது. "அண்ணா, பச்சையா இருந்தா எல்லாம் காடுதான்னு நினைச்சேன்" என்றான் ஒருவன். வெட்டாமல் விட்டால் மரமாக வளரும் செடியைத்தான் இடுப்பளவில் கவாத்து செய்து வைத்திருக்கிறோம் என்பதும் அவனுக்குப் புதுச் செய்தி.

இரண்டு போத்தல் தண்ணீர்

பகலில் வந்து, ஸ்ட்ராபெரி வாங்கி, படம் எடுத்து, மாலையில் இறங்கிவிடுகிறவர்களுக்கு மலையின் ஒரு முகம்தான் தெரியும். மற்றொன்றைக் காண ஓர் இரவு தங்க வேண்டும்.

முதல் நாள் மதியம் இரண்டு ஓடைகளிலிருந்து தண்ணீர் எடுத்தோம். ஒன்று காட்டிலிருந்து வருவது. மற்றது காய்கறித் தோட்டங்களுக்காக வெட்டிய சரிவைக் கடந்து வருவது. போத்தலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இரவு நல்ல மழை. கைப்பேசிகளை ஒரு பெட்டியில் போட்டுவிட்டு, விளக்கை அணைத்து, அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மழைச் சத்தம், தவளைச் சத்தம், அப்புறம் குளிர். சிலருக்குப் பயம். இரண்டு பேர் அழுதார்கள். யாரும் கேலி செய்யவில்லை.

காலையில் மீண்டும் அதே இடங்கள். மழைக்குப் பின் ஓடையில் இறங்குவது ஆபத்து என்பதால், பெரியவர்கள் கரையில் நின்று கயிறு கட்டிய வாளியால் தண்ணீர் எடுத்தார்கள். காட்டு ஓடைத் தண்ணீர் ஏறக்குறைய நேற்று போலவே இருந்தது. மற்றது தே தாரிக் நிறம்!

காரணம் எளிது. காட்டில் மழைத்துளி இலையில் விழுந்து, பாசியிலும் சருகிலும் ஊறி, மெதுவாக இறங்குகிறது. வெறும் மண்ணில் நேராக விழுந்து, மண்ணை அள்ளிக்கொண்டு ஓடுகிறது. அந்த மண் கீழே ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணையில் போய்ப் படிகிறது. 1963 முதல் மின்சாரம் தரும் அந்த ஏரியின் கொள்ளளவு வண்டலால் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. மேலே மண் கரைந்தால் கீழே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கு அந்த வாளியைப் பார்த்தே புரிந்தது.

எனக்குக் கிடைத்த பாடம்

இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் முழுமையாகாது. முதல் நாள் மாலை காட்டு ஓடைக் கரையில் சிறு பூசை செய்தோம். முடிந்ததும், "பூவெல்லாம் தண்ணியில விட்டுடுங்க, கங்கா மாதா ஏத்துக்குவா" என்றேன். மாலை, கற்பூரப் பொட்டலம் எல்லாம் சேர்ந்தே போனதை நான் கவனிக்கவில்லை.

மறுநாள், மண் கரைவதைப் பற்றி நான் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, படிவம் 4 மாணவி ஒருத்தி ஓடையோரத்து வேரில் சிக்கியிருந்ததைக் காட்டினாள். மாலையின் நைலான் நூல், ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். "அண்ணா, இது எந்தத் தோட்டத்துலேருந்து வந்துச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். "இது நம்ம போட்டதும்மா. தப்பு என்னோடது" என்றேன். கைக்கு எட்டியதையெல்லாம் எடுத்துப் பையில் போட்டோம். எட்டாதது போய்விட்டது.

தண்ணீரைத் தாய் என்று கும்பிடுகிறோம். அந்தத் தாய்க்கு என்ன கொடுக்கிறோம் என்று பார்ப்பதில்லை. அவதூதர் இயற்கைக்குப் பூசை செய்தார் என்று கதை சொல்லவில்லை. உற்றுப் பார்த்தார், கற்றார், தன் நடையை மாற்றிக்கொண்டார் என்றுதான் சொல்கிறது. பார்க்காமல் செய்யும் பக்தி பாதி பக்திதான்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டருகே உள்ள ஓடை அல்லது கால்வாயில் மழைக்கு முன்னும் பின்னும் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து ஒப்பிடுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.
2. ஒரு மீட்டர் சதுரத்தில் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன என்று கோயில் வளாகத்தில் எண்ணுங்கள்.
3. அடுத்த பூசையில் வாழைநாரில் தொடுத்த மாலையைப் பயன்படுத்துங்கள். வாடிய பூவை மண்ணில் புதையுங்கள்.

கலந்து பேசுங்கள்

- உங்கள் கோயிலில் பூசைக்குப் பின் குப்பை எங்கே போகிறது? யார் அள்ளுகிறார்கள்?
- காய்கறியும் வேண்டும், காடும் வேண்டும். மலையில் விவசாயம் செய்பவரிடம் நாம் எதைக் கேட்கலாம்? நாம் எதை விட்டுக்கொடுப்போம்?

அந்த இரண்டு போத்தல்களும் இன்னும் எங்கள் வகுப்பறை அலமாரியில் இருக்கின்றன. பக்கத்தில் அந்த நைலான் நூலையும் வைத்திருக்கிறோம். அதை அங்கே வைக்கச் சொன்னது நான்தான்.