ஓர் அணிலும் ஏழு கண்டங்களும்

தோழியரே, 2002-ல் வெளிவந்த 'ஐஸ் ஏஜ்' திரைப்படத்தில் ஓக் விதைக்காக ஓயாது அல்லற்படும் ஸ்க்ராட் என்னும் அணிலைப் பார்த்திருப்பீர்கள். அதற்கென்றே அதே ஆண்டில் கார்லோஸ் சல்தான்யா இயக்கிய சிறு சித்திரப்படம் 'கான் நட்டி'. ஆஸ்கார் பரிசுக்கும் முன்மொழியப்பட்டது.

மரப்பொந்து நிறைய விதைகளை அடுக்கிவிட்டது அணில். நடுவே ஒரே ஓர் இடம் பாக்கி. கடைசி விதையோ அதில் அடங்க மறுக்கிறது. ஓங்கி மிதித்ததுதான் தாமதம், அத்தனையும் பீறிட்டுக் கொட்டுகின்றன! அணிலும் உடன் விழுகிறது. அந்தரத்தில் விழுந்துகொண்டே அது விதை பொறுக்கும் அழகை என்னென்பது! ஒரு சொல் பேச்சில்லை. கீச்சொலியும் உருட்டும் விழியுமே நம்மைச் சிரிக்க வைத்துவிடுகின்றன. முடிவில் அவ்வொற்றை விதை தரையைத் தாக்க, நிலம் பிளந்து கண்டங்கள் பிரிகின்றன.

சிரிக்கலாம், தேர்வுத்தாளில் எழுதிவிடாதீர்கள்! பாஞ்சியா என்னும் ஒரே பெருநிலம் பிளக்கத் தொடங்கியது ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. கடைசிப் பனியுகம் முடிந்ததோ சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன்புதான். பிளவும் நொடியில் நேர்ந்ததன்று. இன்றும் கண்டங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே நகர்கின்றன. நம் விரல் நகம் வளரும் வேகம்தான்.

படத்தில், உலகைப் பிளந்த அந்த விதை அணிலின் கையிலேயே சாம்பலாய் உதிர்கிறது.